வள்ளம் இழுத்த சக்கரமும் நான் போட்ட ஒப்பும்

தாணு,

நீ என் தங்கை மகன். முறையைப் பார்த்தால் மருமகன் என்றுதான் நான் தொடங்க வேண்டும். ஆனால் நீ தவழத் தொடங்குமுன் உன் அப்பா போய்விட்டார். உன் அம்மா உன்னை இடுப்பிலும் ஒரு பித்தளைக் குடத்தைக் கையிலுமாக எடுத்துக்கொண்டு மணக்காட்டில் என் வீட்டுப் படி ஏறினாள். அன்றைக்கு நம் நாஞ்சில்நாட்டுக் குடும்பங்களில் மருமக்கள்வழி நடப்பில் இருந்தது. மாமன்தான் காரணவர், சோறு, சொத்து, சொல் மூன்றுக்கும் அவன்தான் பொறுப்பு. பிற்பாடு சட்டம் வந்து அதை மாற்றிவிட்டது. சட்டம் மாறிற்றே தவிர நான் மாறவில்லை. ஆகவே மகனே என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். ஆட்சேபம் இருந்தால் உன் அம்மாவிடம் சொல். என்னிடம் சொல்லிப் பயனில்லை என்பதை அவளே உனக்கு விளக்குவாள்.

வருகிற வெள்ளிக்கிழமை தம்பானூரில் ரயில் ஏறி, மதராஸ் பக்கம் ஓர் இஞ்சினீயரிங் காலேஜுக்கு வாத்தியாராகப் போகிறாய். அதுவும் வெறும் கரும்பலகை வாத்தியார் இல்லை. பையன்கள் தாங்களே யோசித்து, படம் வரைந்து, ஒரு சாதனத்தைச் செய்து காட்ட வேண்டிய வகுப்புக்கு. போன ஞாயிற்றுக்கிழமை மரச்சீனிக் கிழங்கு தின்றுகொண்டிருக்கும்போது நீ கேட்டாய்: "மாமா, அந்தப் பயலுகளை நான் எப்படி நடத்தணும்? ஒரு வார்த்தை சொல்லுங்க." நான் இரண்டு மணி நேரம் சொன்னேன். சொன்னதெல்லாம் பொன்முடிக்குப் போகிற பாதையை நான் ஒற்றை ஆளாகச் செப்பனிட்ட கதை என்றும், உன் கேள்விக்குப் பதில் அதில் எங்குமே வரவில்லை என்றும் உன் அம்மா பிறகு சொன்னாள். அந்தப் பதிலை இப்போது எழுதுகிறேன். உன் கையில் கொடுக்காமல், சாலைக் கடைத்தெருவில் அச்சுக்கூடம் வைத்திருக்கும் என் கூட்டாளியின் மாதப் பத்திரிகையில், நீ கிளம்புமுன் வருகிற இதழில், போடச் சொல்லி எழுதுவதற்குக் காரணம் உண்டு. நான் திருப்பி வாங்க வேண்டிய பேச்சு ஒன்று இருக்கிறது. அதை ஊரறியப் பேசினேன். ஊரறியத்தான் திருப்பி வாங்க வேண்டும்.

என் படிப்பு நாலாம் பாரம். அதற்குமேல் என்னைத் தாங்கும் பலம் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இல்லை. ஆனால் மராமத்து இலாகாவில் முப்பது வருஷம் மேஸ்திரியாக இருந்தவன் நான். வெள்ளைக்கார இஞ்சினீயர் ஒருவர் என்னைக் கேட்காமல் தொப்பியைக் கழற்ற மாட்டார். வெயிலா மழையா என்று முதலில் நான் சொல்லியாக வேண்டும். இப்படிப்பட்ட கை வீட்டில் இருக்கும்போது பிள்ளையின் கை எதற்கு என்பதுதான் அந்தக் காலத்தில் என் எண்ணம். நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது களிமண்ணில் ஒரு பலாப்பழம் செய்துவரச் சொன்னார்கள். நீ செய்தது ஆமை மாதிரி இருந்தது. மத்தியானம் நீ உறங்கியபோது நான் அதை உடைத்துவிட்டு, முள் முள்ளாக இழைத்து ஒரு பழம் செய்து வைத்தேன். உண்மையான பழம் என்று நினைத்து ஈ வந்து உட்கார்ந்தது. பொய்யில்லை, இரண்டு ஈ. முதல் பரிசு உனக்குத்தான். இன்ஸ்பெக்டர் உன் கன்னத்தைத் தட்டி, எப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு, "நான் உறங்கிட்டுல்லா சார் இருந்தேன்" என்றாய். பரிசாகக் கிடைத்த பென்சிலைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாய். எனக்கு வந்த பெருமையில் உன் முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. நீ அன்று முழுவதும் அந்த உடைந்த ஆமையைத்தான் தேடிக்கொண்டிருந்தாய் என்று உன் அம்மா சொல்லித்தான் தெரியும்.

அந்தப் பாடத்தை நான் அப்போதே படித்திருந்தால் காலேஜில் நடந்தது நடந்திருக்காது. உன் கடைசி வருஷம். சண்டைக் காலம், அரிசிக்கு ரேஷன், இரும்பு கண்ணில் படாது. உங்கள் சார், மடக்கிய குடையை வகுப்புக்குள்ளும் கையில் பிடித்தபடி நடக்கிற அந்த ஒல்லி மலையாளத்து மனுஷர், மூன்று மூன்று பேராக உங்களைப் பிரித்து, "ஒரு மனுஷனுக்கு நெஜமா வேண்டிய ஒரு சாதனம் கண்டுபிடிச்சு, உண்டாக்கி, அந்த ஆள் கையிலே கொடுத்துக் காட்டணும். புஸ்தகத்திலே நோக்கண்டா" என்று சொல்லிவிட்டார். உனக்கு வாய்த்த கூட்டாளிகள் இரண்டு பேர். ஒருவன் நெய்யாற்றின்கரைக்குத் தெற்கே வயலும் ஏருமாக இருக்கிற வேதக்காரக் குடும்பத்துச் சாமுவேல்; அந்த வருஷம் தேறவில்லையென்றால் ஏர் பிடிக்க வந்துவிட வேண்டும் என்று அவன் அப்பா கண்டித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். மற்றவன் கரமனை அக்ரகாரத்து வெங்கு. கணக்கில் புலி, உளியைக் கண்டால் பூனை. மூன்று பேரும் விழிஞ்ஞத்துக்கு நடந்து போய், கடற்கரையில் மீன்பிடி வள்ளத்தை மணல்மேல் இழுத்து ஏற்றுவதற்கு ஊரே கூடி மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு வந்தீர்கள். செக்கு மாதிரி ஒரு மர உருளை நட்டு, அதில் கம்புகள் செருகி, சுற்றிச் சுற்றித் தள்ளினால் வடம் சுருண்டு வள்ளம் மேலே வரும். பாரம் பின்னால் இழுக்கும்போது உருளை திரும்பி ஓடாமல் இருக்க, அடியில் ஒரு பல்சக்கரம். பல்லில் விழுந்து பிடிக்க ஒரு கொக்கிக்கட்டை. இதுதான் உங்கள் யோசனை. உங்கள் யோசனை. இரண்டு தரம் எழுதியிருக்கிறேன், அச்சுக் கோப்பவர் ஒன்றை எடுத்துவிட வேண்டாம்.

முதல் படத்தைக் கொண்டுபோய் விழிஞ்ஞத்தில் லூர்தம்மாவிடம் காட்டினீர்கள். அவள் வீட்டுக்காரர் வள்ளத்துக்குத்தான் சக்கரம். அன்றைக்கு நானும் கூட வந்திருந்தேன். அவள் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கம்பு எம்மாத்திரம் உயரம் பிள்ளே?" என்று கேட்டாள். நீ உன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாய். "நல்ல காரியம்! கடலிலே போறதுதான் ஆணுங்க. கரையிலே தள்ளுறது நானும் என் மதனியும். எங்க நெஞ்சு எங்கே இருக்கு, பார்த்தியா? உன் கம்பு என் பல்லை உடைக்கும், மக்கா" என்றாள். நான் இடையில் புகுந்து, இஞ்சினீயர்கள் வரைந்தால் வரைந்ததுதான் என்று சொன்னேன். "இந்த அண்ணாச்சி யாரு, தள்ள வருவாரா?" என்று கேட்டாள். மகனே, பையன்களுக்கு நீ முதலில் செய்ய வேண்டிய உபகாரம் இதுதான்: இப்படி ஒருத்தியிடம் அவர்களைக் கொண்டுபோய் நிறுத்திவிடு. நீ பத்து நாள் கத்தினாலும் ஏறாதது அவள் ஒரு சிரிப்பில் ஏறும்.

உங்கள் சாரைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் அவர் பார்ப்பார், தலையாட்டுவார், "பின்னே?" என்பார், அப்புறம் என்ன என்கிற மாதிரி. அவ்வளவுதான். பதில் தெரிந்த மனுஷன் பதிலை வைத்துக்கொண்டு கேள்வியை மட்டும் விநியோகம் செய்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஒரு நாள் காலேஜ் பட்டறைக்கே போய்க் கேட்டுவிட்டேன்.

"சார், கொக்கிக்கட்டை எங்க வைக்கணும்னு பயலுக முழிக்கானுவ. நீங்க ஒரு வார்த்தை சொல்லலாம்லா?"

"சொல்லலாம்."

"அப்ப சொல்லுங்க."

"சொன்னா அது என்றெ சக்கரம் ஆகிப்போகும், அண்ணாச்சி. பின்னே அவங்க சக்கரம் எவிடே?"

இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. சம்பளத்துக்கு வேலை செய்ய மனமில்லை என்றுதான் எடுத்துக்கொண்டேன். இன்னொரு அக்கிரமமும் செய்தார். உளி பிடிக்கத் தெரிந்த சாமுவேலிடம் கணக்கைக் கொடுத்தார். கணக்குப் புலி வெங்குவின் கையில் உளியைக் கொடுத்தார். வீட்டில் வாய் திறக்காத உன்னை எல்லார் முன்னாலும் நின்று விளக்கச் சொன்னார். வெங்குவின் கட்டைவிரலில் கட்டுப் போடவே உன் அம்மாவின் பழைய புடவை ஒன்று தீர்ந்தது. ஆனால் ஒரு மாதத்தில் அவன் ஆஞ்சிலிப் பலகையில் பல் செதுக்கினான். அதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்; நான் செதுக்கினால் இதைவிட நன்றாக இருந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

இனி என் தப்புகள். முதல் தப்பு நோட்டுப் புத்தகம். வாராவாரம் என்ன யோசித்தீர்கள், எங்கே சறுக்கியது என்று எழுத வேண்டும் என்பது அவர் உத்தரவு. நீ குளிக்கப் போயிருந்தபோது எடுத்துப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம், 'உடைந்துவிட்டது', 'தவறு', 'நாங்கள் நினைத்தது சரியில்லை', 'மறுபடியும் உடைந்துவிட்டது'. எனக்குக் கூசிவிட்டது. மானமுள்ள குடும்பம் தன் தோல்வியை எழுதி வெளியே அனுப்புமா? பதினோரு பக்கத்தைப் பதமாகக் கிழித்து என் மராமத்துப் பெட்டியில் பூட்டி வைத்தேன். நீ வீடு முழுக்கத் தேடினாய். நானும் கூடத் தேடினேன். கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடியதில் இடுப்புப் பிடித்துக்கொண்டது, அது மட்டும் நிஜம்.

இரண்டாவது தப்பு ஒப்பு. நம் வீட்டிலிருந்து எந்தக் காகிதம் வெளியே போனாலும் காரணவர் ஒப்பு இல்லாமல் போனதில்லை. கல்யாண ஓலையானாலும் உன் பள்ளிக்கூட லீவுச் சீட்டானாலும் வண்ணானுக்குப் போடுகிற துணிப் பட்டியலானாலும் கீழே என் கையெழுத்து விழ வேண்டும். உங்கள் கடைசிப் படம் மேஜைமேல் மசி காய்ந்து கிடந்தது. வலது கைப் பக்கம் அடியில் ஒரு கட்டம், அதில் பொடிப் பொடியாக மூன்று பெயர். காரணவர் இடம் காலியாக இருக்கிறதே என்று பட்டது. அது வரைந்தவர் பெயர் எழுதுகிற கட்டம் என்று எனக்கு யார் சொன்னார்கள்? என் ஒப்பு கொஞ்சம் அகலமானது, உனக்குத் தெரியும். கடைசி வளைவு ஆற்றுப்பாலம் போல இறங்கும். மூன்று பெயரும் அந்தப் பாலத்துக்கு அடியில் போய்விட்டன. சுருட்டிக் கட்டி வைத்தேன். நீங்கள் பிரிக்காமலே கொண்டுபோய்க் கொடுத்தீர்கள்.

மூன்றாவது தப்பு என் வாய். விழிஞ்ஞத்தில் பரீட்சை நாள். கரியில் ஓடுகிற பஸ்ஸில் உங்கள் சார் வந்தார், மற்றப் பையன்கள் வந்தார்கள், நான் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தேன். லூர்தம்மாவும் அவள் மதனியும் தள்ளினார்கள். கொக்கிக்கட்டை 'டக், டக்' என்று விழ, வள்ளம் மணலில் தானாக நடந்து வருவது மாதிரி வந்தது. பாதி தூரத்தில் லூர்தம்மா கம்பை விட்டுவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள். வள்ளம் ஒரு சாண்கூடப் பின்னால் போகவில்லை. கரையே கைதட்டியது. கைதட்டல் கேட்டால் எனக்குக் கால் தரையில் நிற்காது. ஒரு மீன்கூடையைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி, இந்தச் சக்கரம் என் மூளையில் எப்படி உதித்தது, பல்லை நான் எப்படி அளந்தேன், பையன்கள் எனக்கு எப்படி ஆணி எடுத்துக் கொடுத்தார்கள் என்று பிரசங்கம் செய்தேன். சும்மா சொல்லக்கூடாது, நல்ல பிரசங்கம். லூர்தம்மாவே வாய் பிளந்து கேட்டாள்.

உங்கள் சார் குடையை மணலில் ஊன்றி முழுக்கக் கேட்டுவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "நோட்டுப் புஸ்தகத்திலே நடுவிலே பக்கம் இல்லா. படத்திலே அண்ணாச்சி ஒப்பு. இப்போ அண்ணாச்சி வாயாலேயும் கேட்டாச்சு. சக்கரம் நன்னாயிட்டுண்டு. பக்ஷே மார்க் போடறதுக்கு அண்ணாச்சி என்றெ கிளாஸிலே படிக்கலியே. இந்த மூணு பேருக்கும் நான் எதுக்கு மார்க் போடணும்?"

சாமுவேல் உன் சட்டையைப் பிடித்து, "லேய் தாணு, சொல்லுலே" என்றான். வெங்கு கட்டுப் போட்ட விரலைப் பார்த்துக்கொண்டு நின்றான். நீ என்னைப் பார்த்தாய். பிறகு மணலைப் பார்த்தாய்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ எனக்கு ஜன்னல் ஓரம் இடம் விட்டாய். அதுதான் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் உன் அம்மாவிடம், பையனுக்கு வாய் இருக்கிறதா இல்லையா, அங்கேயே மறுத்துச் சொல்லியிருக்கலாமே என்று கத்தினேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "அவன் வாயைத் திறந்திருந்தா ஊர் முன்னாடி நீங்க பொய்க்காரர் ஆயிருப்பீங்க அண்ணே. அதான் திறக்கல்லே. இனி நீங்க திறந்தாத்தான் உண்டு."

மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்து அந்தப் பதினோரு பக்கத்தையும் பைக்குள் வைத்துக்கொண்டு காலேஜுக்குப் போனேன். வழியெல்லாம் ஒரு நடுவழி யோசித்தேன்: பாதி நான், பாதி பையன்கள் என்று சொல்லிவிடலாம். நீங்கள் மூன்று பேரும் அவர் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தீர்கள். எல்லாரையும் உள்ளே கூப்பிட்டார். நான் பேசுமுன் அவர் கேட்டார்:

"அண்ணாச்சி, சக்கரத்துக்குப் பன்னிரண்டு பல். அது எந்தா, ஏன் பன்னிரண்டு?"

"பன்னிரண்டு ராசி இருக்கில்லா சார்..."

"பின்னே?"

"வருஷத்துக்குப் பன்னிரண்டு மாசம்..."

"பின்னே?"

தாணு, அந்த 'பின்னே'க்கு முன்னால் நிற்பது என்னவென்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். முப்பது வருஷத்தில் எந்த அதிகாரியும் என்னை இப்படி வெறுங்கையோடு நிறுத்தியதில்லை. பையைத் திறந்து பக்கங்களை அவர் மேஜைமேல் வைத்தேன். "எனக்குத் தெரியாது சார். இதுல எழுதியிருக்கு. நான்தான் கிழிச்சேன். சக்கரத்துல என் கை பட்டது அந்த ஒப்பு மட்டும்தான்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது மாதிரி கேட்டது.

அவர் நின்றபடியே படித்தார். முதலில் எட்டுப் பல் வைத்திருக்கிறீர்கள். ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி அதிகம், கட்டை போய் விழுமுன் உருளை திரும்பி ஓடி, கம்பு சாமுவேலின் விலாவில் அடித்திருக்கிறது. பயந்துபோய்ப் பதினாறு பல் வெட்டினீர்கள். பல் மெலிந்து, இரும்பும் இல்லாததால், மரம் தாங்காமல் மூன்று பல் உடைந்தது. அப்புறம்தான் பன்னிரண்டு. ஒவ்வொரு உடைசலுக்கும் பக்கத்தில் ஒரு படம், யார் என்ன சொன்னான், எது தப்பானது என்று. நான் வெட்கப்பட்டு ஒளித்து வைத்தவைதான் சக்கரம் உங்களுடையது என்பதற்கு இருந்த ஒரே எழுத்துச் சாட்சி. அவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பைப் பார்த்தேன். ஆனாலும் விடவில்லை. சக்கரத்தின் இன்னொரு பிரதி பட்டறையில் கிடந்தது. எங்களை அங்கே கூட்டிப்போய், அதைக் கழற்றி, தன் கண் முன்னால் மறுபடி பூட்டச் சொன்னார். வெங்கு கொக்கிக்கட்டையைத் தலைமாற்றி வைத்துவிட்டான். எனக்கு அது பளிச்சென்று தெரிந்தது. நாக்கு துடித்தது, இரண்டு கையும் தாமாக எழுந்தன. உங்கள் சார் திரும்பிப் பார்க்காமலே குடையை என்னிடம் நீட்டி, "இதைப் பிடிச்சுக்கோளூ. ரெண்டு கையாலேயும்" என்றார். பிடித்துக்கொண்டேன். நீங்கள் தள்ளிப் பார்த்தீர்கள், பிடிக்கவில்லை. சாமுவேல் திட்டினான். நீ குனிந்து பார்த்தாய். கடைசியில் வெங்குவே, "டேய், நான்னா தப்பா வெச்சிருக்கேன்!" என்று கூவி, கழற்றித் திருப்பினான். 'டக்' என்று விழுந்தது. என் ஆயுளில் அவ்வளவு பாரமான குடையை நான் தூக்கியதில்லை.

பிறகு எழுதிக் கொடுக்கச் சொன்னார். 'இந்தச் சக்கரத்தில் என் பங்கு ஒன்றும் இல்லை' என்று எழுதி, கீழே ஒப்புப் போட்டேன். கடைசி வளைவைச் சுருக்கிக்கொண்டேன். மூன்று பேரும் தேறினீர்கள்.

ஆனால் அந்தக் காகிதம் அவர் அலமாரிக்குள் போய்விட்டது. கடைத்தெருவில் என் வாய் திறந்தே இருந்தது. இந்த நாலு வருஷமாகக் காப்பிக்கடையில் அந்தச் சக்கரம் என்னுடையதாகத்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. நீ பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே காப்பி குடித்திருக்கிறாய். ஒரு தடவையும் என்னைத் திருத்தவில்லை; அதையே நீ கொடுத்த அனுமதியாக வைத்துக்கொண்டேன். இனி நீ இங்கே இருக்க மாட்டாய். நீ பக்கத்தில் இல்லாதபோது அந்தப் பொய்யைச் சொல்ல எனக்குத் தைரியம் இருக்காது என்று இப்போதுதான் தெரிகிறது. ஆகவே சாலைக் கடைத்தெருவார் அனைவருக்கும்: அது தாணு, சாமுவேல், வெங்கு மூன்று பேர் செய்த சக்கரம். பொன்முடிப் பாதை மட்டும் நான் செய்தது. அதை யாரும் கேட்கக் கூடாது.

உன் பையன்களிடம் நீ 'பின்னே' கேள். கேட்டுவிட்டுச் சும்மா இரு. சும்மா இருக்கிறபோது கை அரிக்கும், அது நம் குடும்பத்து ரத்தம். அதற்காகத்தான் உன் டிரங்குப் பெட்டியோடு ஒரு புதுக் குடை கட்டி வைத்திருக்கிறேன். வகுப்புக்குள்ளே பிடித்துக்கொள்வதற்கு.

பெட்டிக்குள், வேட்டி மடிப்புக்கு அடியில், ஒன்பது பக்கம் இருக்கிறது. இந்தக் கடிதத்தை நான் முதலில் எழுதிப் பார்த்த நகல் அது. அதில் சக்கரத்தை நான்தான் செய்கிறேன், லூர்தம்மா எனக்கு மாலை போடுகிறாள், உங்கள் சார் என்னிடம் சந்தேகம் கேட்கிறார். ஒன்பதாம் பக்கத்தில் பேனா நகரவில்லை. அங்கேயிருந்துதான் இதைத் திரும்ப எழுதினேன். அதைக் கிழித்துவிடலாம் என்று இரண்டு தரம் கையில் எடுத்தேன். கிழிக்கவில்லை. ரயிலில் படித்துப் பார்.

இப்படிக்கு,
உன் மாமா